ஆதி குணசேகரனின் குரல்

நேயர்களுக்கு வணக்கம். சின்னத்திரை நடிகரின் தொழிலைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். ஒருவரை எடுத்துக்கொண்டு பேசினால் தொழில் தானாகத் தெரியவரும். நான் எடுத்துக்கொண்டிருப்பவர் ஜி. மாரிமுத்து.

தேனி மாவட்டத்துப் பசுமலைத்தேரிக்காரர். இயக்குநராக வேண்டும் என்று 1990-இல் வீட்டைவிட்டுக் கிளம்பிச் சென்னைக்கு வந்தவர். ஓட்டல்களில் பரிமாறினார். இலக்கிய ஈடுபாடு கவிஞர் வைரமுத்துவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. பிறகு ராஜ்கிரண், மணிரத்னம், வசந்த், எஸ்.ஜே. சூர்யா என்று பலரிடம் உதவி இயக்குநர். சொந்தமாக ஒரு படம் இயக்க 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2014-இல் இன்னொன்று. இரண்டும் அவரைத் தூக்கி நிறுத்தவில்லை. இடையே, 2011-இல், மிஷ்கினின் 'யுத்தம் செய்' படத்தில் போலீஸ் அதிகாரியாக நடித்தார். அதிலிருந்து குணச்சித்திர வேடங்கள் வரத் தொடங்கின. 'பரியேறும் பெருமாள்' படத்துக் கதாநாயகியின் அப்பாவை மறந்திருக்க மாட்டீர்கள். முகம் ஊருக்குப் பழகிவிட்டது. பெயரைத்தான் பலரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

2022 பிப்ரவரியில் சன் தொலைக்காட்சியில் 'எதிர்நீச்சல்' தொடங்கியது. இயக்குநர் திருச்செல்வம். படித்த பெண்களாகப் பார்த்து மருமகள்களாகக் கொண்டுவந்து, அடுப்படியிலேயே அடைத்து வைக்கும் வீடு. அந்த வீட்டின் மூத்தவன் ஆதி குணசேகரன். மாரிமுத்துவுக்குக் கிடைத்தது அந்த வேடம். தமிழ்த் தொடர்களில் வில்லிகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. ஆனால் கண்ணை உருட்டாமல், பின்னணி இசையை நம்பாமல், நம் சொந்தக்காரர் ஒருவரைப் போலவே உட்கார்ந்து அதட்டுகிற ஆண் புதியவர். "இந்தாம்மா, ஏய்" என்று அவர் இழுத்த இழுப்பு கல்லூரிப் பிள்ளைகளின் வாய்வரைக்கும் போனது. கொடுமைக்காரனைப் பார்த்துச் சிரிக்க வைத்துவிட்டாரே என்று சிலர் குறைபட்டார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. அப்பத்தாவின் 40 சதவீதச் சொத்துக்காக அந்த ஆள் அலைந்த அலைச்சலில், அதிகாரத்துக்கு அடியில் கிடந்த பயமும் தெரிந்தது. சிரிப்பு அங்கிருந்துதான் வந்தது.

தொடர் நடிப்பில் பாதி, குரல். சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே கேட்பவர்களுக்காகவும் அது தயாராகிறது. வானொலி நேயர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. படப்பிடிப்பில் பேசிய வசனத்தை டப்பிங் அறையில் மறுபடி பேச வேண்டும். காதில் ஹெட்போன், எதிரே திரையில் தன் முகமே. உதடு அசையும் நொடியில் சொல் போய் உட்கார வேண்டும். தப்பினால் மீண்டும் முதலிலிருந்து. கத்துகிற வேடமென்றால் ஒவ்வொரு முறையும் அதே மூச்சைப் பிடித்துக் கத்த வேண்டும். நாள்தோறும் ஒளிபரப்பாகும் தொடருக்கு ஓய்வு ஏது?

2023 செப்டம்பர் 8 காலை, தொடருக்காக டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதுதான் மாரிமுத்துவுக்கு மாரடைப்பு வந்தது, காப்பாற்ற முடியவில்லை. அவர் நடித்த 'ஜெயிலர்' படம் வெளியாகி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. முப்பது ஆண்டு அலைந்தவருக்கு வாய்ப்புகள் வாசலுக்கு வரத் தொடங்கியிருந்த நேரம்.

"இவருக்குப் பதில் இவர்" என்பது சின்னத்திரையின் பழைய வழக்கம். எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி அந்த வேடத்துக்கு வந்தார். மீசையும் மிடுக்கும் அவரிடம் தாராளம். ஆனாலும் பார்த்தவர்கள் பழைய இழுப்பைத்தான் தேடினார்கள். அவருக்கு அது நியாயமான பந்தயம் அல்ல. தொடர் 2024 ஜூன் வரை ஓடியது.