300 டவுன்லோடுன்னா 300 பேரா?

ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: "அண்ணா, என் பாட்காஸ்ட் எபிசோடு ஒண்ணுக்கு 300 டவுன்லோடு காட்டுது. 300 பேர் கேட்டாங்கன்னு எடுத்துக்கலாமா?" ரெண்டு நாளா இந்தக் கேள்வி என்னை விடலை.

எடுத்துக்க முடியாதும்மா. எங்கம்மா போன்ல ஒரு நாள் 'ஸ்டோரேஜ் ஃபுல்'னு வந்துச்சு. வாங்கிப் பார்த்தா என் எபிசோடு 41 கிடக்கு, எல்லாம் ஆட்டோ டவுன்லோடு. "நீ பேசுறதைத்தான் வீட்ல கேக்குறேனே, இது வேறயா"ன்னாங்க. அந்த 41-ம் என் கணக்குல ஏறியிருக்கு. பெத்த தாய் ஒண்ணைக்கூடக் கேக்கலை!

பழைய ஆளுங்களுக்குத் தெரியும், நான் தேய்ஞ்ச ரெக்கார்டு மாதிரி சொல்றதுதான்: பாட்காஸ்ட்ங்கிறது ஆப் இல்ல, ஆர்எஸ்எஸ் ஃபீடு, அதாவது ஆப்புங்க படிக்கிற எபிசோடு பட்டியல். 2000 டிசம்பர்ல டேவ் வைனர்ங்கிற புரோகிராமர், ஆர்எஸ்எஸ்ஸோட 0.92 பதிப்புல 'என்க்ளோஷர்'னு ஒரு டேக் சேர்த்தார். ஆடியோ எங்க இருக்கு, எத்தனை பைட், என்ன வகை. மூணே விவரம். ஆப் அதைப் பார்த்து ஃபைலை இழுத்துக்கும். இழுத்தது வரைக்கும்தான் சர்வருக்குத் தெரியும். அப்புறம் கேட்டீங்களா, தூங்கிட்டீங்களா, அதுக்குத் தெரியாது.

கையில மிஞ்சுறது ஐபி அட்ரஸும் (நெட் இணைப்போட எண்), யூசர் ஏஜென்ட்டும் (எந்த ஆப், எந்த மாதிரி போன்னு சொல்ற குறிப்பு) மட்டும்தான். ஐஏபி-ங்கிற இணைய விளம்பரத் துறை அமைப்போட விதிப்படி இந்த ரெண்டும் ஒண்ணா இருந்தா, அதே எபிசோடை 24 மணி நேரத்துல எத்தனை தடவை இழுத்தாலும் ஒண்ணுதான். ஒரு நிமிஷ ஆடியோவாவது போயிருக்கணும். ஹாஸ்டல் வைஃபைல ஒரே மாதிரி போன் வச்ச பத்துப் பசங்க கேட்டா, ஒரே ஆளா விழலாம். 2023-ல ஐபோனுக்கு ஐஓஎஸ் 17 வந்து, ஆப்பிளோட பாட்காஸ்ட் ஆப் விட்டுப்போன பழைய எபிசோடை அள்ளிப் போடுறதை நிறுத்துச்சு. கேக்குறவங்க அப்படியே இருக்க, நிறைய பேருக்கு எண்ணிக்கை மட்டும் சரிஞ்சது.

நீங்க கேட்டிருக்க வேண்டியது, அந்த 300-ஐ எண்ணினது யாரு? ஹோஸ்டிங் கொடுக்குறவங்களே, அதாவது உங்க ஆடியோவை வச்சிருக்குற கம்பெனியே எண்ணினா, விக்கிறவரும் எடை போடுறவரும் ஒரே ஆள். டவுன்லோடை வெளியில இருந்து எண்ண ஓபி3-னு ஒரு ஓப்பன் சோர்ஸ் திட்டம் 2022-ல வந்துச்சு. ஆடியோ முகவரிக்கு முன்னாடி அதோட முகவரியை ஒட்டணும். ஆப் முதல்ல அங்க போகும், அது குறிச்சுக்கிட்டு உண்மையான ஃபைலுக்குத் திருப்பி விடும். கணக்கை யார் வேணா பார்க்கலாம். ஆனா ஃபீடு உங்க கையில இருந்தாத்தான் ஒட்ட முடியும். ஃபீடு யார் பேர்ல இருக்குன்னு பாருங்கன்னு எத்தனை வீடியோவுல சொல்லியிருக்கேன்! வாடகை வீட்டுச் சுவத்துல ஆணி அடிக்கவே ஓனரைக் கேக்கணும்.

எங்கம்மா போன்லயா? 41-ஐயும் அழிச்சேன். ஆட்டோ டவுன்லோடை மட்டும் ஆஃப் பண்ண மனசு வரலை.