ராமேஸ்வரத்தில் கடல் ஏன் அடிக்கடி உள்வாங்குகிறது?

[காட்சி: பாம்பன் வடக்குக் கரை. சேற்றில் சாய்ந்து கிடக்கும் நாட்டுப்படகுகள்.]

வணக்கம். “ராமேஸ்வரத்தில் கடல் உள்வாங்கியது, மக்கள் அச்சம்.” இந்தத் தலைப்பைப் பல தடவை படித்திருப்பீர்கள். கூடவே ஒரு படமும் இருக்கும். படகுகள் தரைதட்டி நிற்கும், முந்தின நாள் தண்ணீர் நின்ற இடத்தில் பாசியும் சிப்பியும் கிடக்கும். 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்தவர்களுக்கு இந்தப் படம் வயிற்றைக் கலக்கும். ஆனால் பாம்பனிலும் தனுஷ்கோடியிலும் கடல் தொழில் செய்பவர்கள், தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிறது, வடகடல் வற்றியிருக்கிறது என்று சொல்லிவிட்டு வலையைப் பிரிக்கப் போய்விடுவார்கள். அவர்களுக்குத் தெரிந்த அந்தக் கணக்கைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம்.

[காட்சி: ராமேஸ்வரம் தீவின் வரைபடம். கிழக்கு முனை பெரிதாகிறது.]

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். ராமேஸ்வரம் தீவு கிழக்கே போகப்போக ஒடுங்கி, தனுஷ்கோடிக்கு அப்புறம் வெறும் மணலாக நீண்டு அரிச்சல்முனையில் முடிகிறது. சில இடங்களில் சாலையில் நின்றபடியே இரண்டு பக்கமும் கடலைப் பார்க்கலாம். வடக்கே இருப்பது பாக் விரிகுடா, தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. ஊரில் வடகடல், தென்கடல் என்பார்கள். வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வதுண்டு. முனையிலிருந்து இலங்கையின் தலைமன்னார் சுமார் 30 கி.மீ. தூரம்தான். நடுவில் வரிசையாகத் தீடைகள், அதாவது மணல் திட்டுகள். 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கும்வரைக்கும், முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினால் மணலிலும் தண்ணீரிலும் உருண்டுபோகும் வேனும் ஜீப்பும்தான் வழி.

இந்த இரண்டு கடலுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் ஆழம். பாக் விரிகுடாவில் பெரும்பாலான இடங்களில் ஆழம் 13 மீட்டருக்குள்தான். மன்னார் வளைகுடா தெற்கே போகப்போக இறங்கி, ஆயிரம் மீட்டரையும் தாண்டிவிடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி சொல்லப்போவது அத்தனைக்கும் இதுதான் அடிப்படை.

சரி, நிலாவுக்கு வருவோம். நிலாவின் ஈர்ப்பால் இந்தக் கடலில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏற்றம், இரண்டு தடவை வற்றம். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் இன்றைக்குக் காலை 6 மணிக்கு ஏறிய தண்ணீர் நாளைக் காலை ஏறக்குறைய 6.50-க்குத்தான் ஏறும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். அஷ்டமியை ஒட்டி இரண்டும் குறையும்.

ஆனால் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தால், பெரிய ஓதமெல்லாம், அதாவது பெரிய ஏற்ற இறக்கமெல்லாம், கிடையாது. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் தண்ணீர் 10 மீட்டர் வரைக்கும் ஏறி இறங்கும். பாம்பனில் அமாவாசைக்குக்கூட முக்கால் மீட்டரைத் தாண்டாது. அஷ்டமி நாட்களில் ஒரு சாண் அளவுக்கே ஏறி இறங்கும்.

அப்படியென்றால் நூறு மீட்டர், இருநூறு மீட்டர் உள்வாங்கியது என்று செய்தி வருகிறதே, அது எப்படி?

[திரையில்: கரையின் சரிவைக் காட்டும் கோட்டுப்படம்.]

இந்தப் படத்தைப் பாருங்கள். வடகடலின் அடித்தரை மிக மெதுவாகச் சரிகிறது. 200 மீட்டர் நடந்தால் 1 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். இங்கே தண்ணீர் அரை மீட்டர் இறங்கினால், கரையோரம் 100 மீட்டர் தள்ளிப் போய்விடும். முழங்கால் உயரத்துக்கு இறங்கிய தண்ணீர்தான் பார்ப்பவருக்குக் கடலே ஓடிப்போன மாதிரி தெரிகிறது. அதே அரை மீட்டர் தென்கடலின் செங்குத்தான மணற்கரையில் இறங்கினால் சில அடிகள்தான் வித்தியாசம் தெரியும். எனவே எத்தனை மீட்டர் உள்வாங்கியது என்ற எண் கடலைவிடக் கரையின் சரிவைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. எத்தனை அடி இறங்கியது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

இனி காற்று. இந்த ஊரில் நிலாவைவிடக் காற்றுதான் பல நாட்களில் தண்ணீரை ஆள்கிறது. ஒரு தாம்பாளத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஒரு பக்கமிருந்து ஊதிப் பாருங்கள். எதிர்ப்பக்கம் மேடாகும், உங்கள் பக்கம் வற்றும். பாக் விரிகுடாவில் நடப்பதும் அதுதான். ஆழம் எவ்வளவு குறைவோ, அவ்வளவுக்குத் தண்ணீர் சாயும். தோராயமாகக் கணக்குப் போடலாம். மணிக்கு 43 கி.மீ. வேகத்தில் ஒரே திசைக் காற்று, 100 கி.மீ. நீளக் கடல், 9 மீட்டர் ஆழம். ஒரு கரைக்கும் மறுகரைக்கும் நீர்மட்டத்தில் ஏறக்குறைய 30 செ.மீ. வித்தியாசம் வரும். அதே காற்று 90 மீட்டர் ஆழக் கடலில் அடித்தால் 3 செ.மீ.தான். முப்பது செ.மீ. என்பது இந்த ஊரின் ஓதத்தில் பாதி! அமாவாசை வற்றமும் கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் படகு சேற்றில் உட்கார வேண்டியதுதான்.

அதனால்தான் எந்தப் பக்கம் வற்றும் என்பதைக் காற்றை வைத்தே சொல்லிவிடலாம். தென்மேற்குப் பருவத்தில் கச்சான் அடிக்கும்போது தீவின் வடகரைத் தண்ணீர் கடலுக்குள் தள்ளப்பட்டு வற்றும், தென்கடல் கொந்தளிக்கும். வடகிழக்குப் பருவத்தில் வாடை அடிக்கும்போது எல்லாம் தலைகீழ். வடகரையில் தண்ணீர் ஏறி அலை அடிக்கும், தென்கரை வற்றும். நீவாடும், அதாவது கடல் நீரோட்டமும், காற்றோடு திரும்பும். கச்சான் மாதங்களில் தென்கடலிலிருந்து பாம்பன் வாய்க்கால் வழியாகவும் தீடைகளுக்கு நடுவிலும் வடக்கே பாயும் நீரோட்டம், வாடை மாதங்களில் தெற்கே பாயும். மணலும் கூடவே போகும். அரிச்சல்முனையின் வடிவம் பருவத்துக்குப் பருவம் மாறுவது இதனால்தான்.

[காட்சி: கரைவலையின் இரண்டு கயிறுகள். இரு பக்கமும் வரிசையாக நின்று இழுக்கிறார்கள்.]

தனுஷ்கோடி, கம்பிப்பாடு பகுதியில் கரைவலை இழுப்பவர்கள் இந்தக் கணக்கை வைத்தே பிழைக்கிறார்கள். ஒரு கடல் பொங்கும்போது மறு கடலில் வலை போடுவார்கள். படகில் ஒரு கயிற்றை விட்டுக்கொண்டே போய், வலையை அரைவட்டமாக இறக்கி, இன்னொரு கயிற்றோடு கரைக்கு வருவார்கள். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுக்க வேண்டும். நீவாடு கரையை ஒட்டி வேகமாக ஓடினால் வலை நேராக வராது, பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். இழுப்பவர்களும் வலையோடு சேர்ந்து கரையில் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஓதமும் நீரோட்டமும் காற்றும் இவர்களுக்குத் தோள்பட்டையில் தெரியும்.

சுனாமி பயத்துக்கு வருவோம். அதை அலட்சியம் செய்யவே கூடாது. வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. ஓதம் வற்ற ஆறு மணி நேரம் ஆகும். காற்று தள்ளி வற்றவும் பல மணி நேரம் பிடிக்கும். சுனாமிக்கு முன்னால் கடல் உள்வாங்கினால், அது சில நிமிடங்களில் நடந்துவிடும். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும், தண்ணீர் சரசரவென்று இறங்கினால், படம் எடுக்க நிற்காதீர்கள். மேட்டுக்கு ஓடுங்கள். 2007-லிருந்து ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற தேசியக் கடல் தகவல் சேவை நிறுவனத்தின் சுனாமி எச்சரிக்கை மையம் இரவு பகலாகக் கவனித்து வருகிறது. செய்தி போடுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். “மக்கள் அச்சம்” என்பதோடு அன்றைய காற்றின் திசையையும் திதியையும் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். பாதிப் பயம் போய்விடும்.

இதே ஆழமின்மைதான் 1964-ல் ஊரையே கொண்டுபோனது. டிசம்பர் 22 இரவு, இலங்கையின் வடபகுதியைச் சிதைத்துவிட்டு வந்த புயல் தனுஷ்கோடியைத் தாக்கியது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தண்ணீரைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். நாலு மடங்கானால் பதினாறு. கூடவே, காற்றழுத்தம் ஒவ்வொரு மில்லிபார் குறையும்போதும் கடல்மட்டம் ஒரு செ.மீ. உயரும். ஆழமான கடலில் தள்ளப்பட்ட தண்ணீர் அடியில் திரும்பி ஓடிவிடும். இங்கே அடியில் இடமில்லை, அதனால் மேலே ஏறியது. பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர் ரயில் பயணிகளோடு அடித்துச் செல்லப்பட்டது. நிலையமும் தேவாலயமும் இன்றைக்கும் இடிந்த சுவர்களாக நிற்கின்றன. அந்தச் சுவர்களின் முன்னால் செல்ஃபி எடுக்கிறவர்கள் ஒரு நிமிடமாவது இதை நினைக்க வேண்டும் என்பது என் ஆசை.

தென்கடலுக்கு வேறு ஒரு தொல்லை உண்டு. கள்ளக்கடல். உள்ளூரில் காற்று இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், ஆனால் அலை ஏறி வரும். தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் எங்கோ அடித்த புயலில் பிறந்த அலை அது. நாளொன்றுக்கு ஆயிரம் கி.மீ. என்ற கணக்கில் பல நாட்கள் பயணம் செய்து வந்து சேரும். மன்னார் வளைகுடா தெற்கே திறந்திருப்பதால் அது நேராக உள்ளே வந்துவிடும், வடகடலுக்குப் பெரும்பாலும் வராது. இன்காய்ஸ் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. அந்த நாளில் அமாவாசை ஏற்றமும் சேர்ந்தால் கரையில் நிற்பதே ஆபத்து. அரிச்சல்முனையிலோ எந்த நாளிலும் குளிக்க இறங்காதீர்கள். அங்கே ஓட்டமும் பலம், இரண்டடி தள்ளி எவ்வளவு ஆழம் என்பதும் மாதத்துக்கு மாதம் மாறும்.

[காட்சி: மணலில் ஒரு சிறு குழி. சிரட்டையால் தண்ணீர் மொள்ளும் கை.]

கடைசியாக, குடிதண்ணீர். கடலிலிருந்து கொஞ்ச தூரத்தில் மணலைக் கையால் தோண்டினால் தனுஷ்கோடியில் நல்ல தண்ணீர் ஊறும். ஊற்று என்பார்கள். சிரட்டையால் மெதுவாக மொண்டு, துணி கட்டிய குடத்தில் ஊற்றுவார்கள். வேகமாகக் கலக்கினால் மணல் சரியும், ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும். காரணம் இதுதான்: மணலுக்குள் இறங்கிய மழைநீர், கடல்நீரைவிட லேசாக இருப்பதால், அதன்மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீரின் மேல்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 செ.மீ. இருந்தால், அடியில் சுமார் 40 செ.மீ. வரை நல்ல தண்ணீர் இருக்கும். மேலே 1 செ.மீ. குறைந்தால் கீழே 40 செ.மீ. போச்சு. ஓதம் ஏறும்போது ஊற்று நீரும் சற்று உயரும், வற்றும்போது இறங்கும். மோட்டார் வைத்து உறிஞ்சினால் உப்புத் தண்ணீர் அடியிலிருந்து கூம்பாக மேலெழும். அப்புறம் அந்த இடம் தேற மழைக்காலம் வர வேண்டும். கடல் மணலைத் தாண்டி உள்ளே புகுந்த வருடமென்றால் ஒரு மழைக்காலம் போதாமலும் போகலாம். ஊற்றைச் சிரட்டையால் மொள்வது அந்தத் தண்ணீருக்கு ஏற்ற அளவான வேகம்.