திராட்சைக் கொடி வாசல்: சினாசோஸ்னு இருந்த ஊர்

வணக்கம் மக்களே. முதல்ல இந்த வாசலைப் பாருங்க. கேமராவை இன்னும் கொஞ்சம் பக்கத்துல கொண்டு போறேன். நிலையைச் சுத்தி திராட்சைக் கொடி ஓடுது பாருங்க. இலை, சுருள், கொத்து எல்லாமே கல்லு. சாயம்கூட அங்கங்க இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு. இது ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன், அவரோட அம்மா ஹெலெனா, இந்த ரெண்டு புனிதர்கள் பேர்லயும் இருக்கிற தேவாலயம். 1729ல கட்டினது, 1850ல புதுப்பிச்சிருக்காங்க. இந்த வாசலைச் செதுக்க வச்ச ஊர்க்காரங்க 1924ல மொத்தமா கிளம்பிப் போயிட்டாங்க. அந்தக் கதையைச் சொல்லத்தான் இன்னைக்கு இங்க வந்திருக்கேன்.

நான் இருக்கிறது துருக்கியில, கப்படோசியாவுல. உர்குப்ங்கிற ஊர்லேருந்து தெக்கால 5, 6 கிலோமீட்டர் வந்தா இந்தச் சின்ன ஊர். இப்போ பேரு முஸ்தஃபாபாஷா. பழைய பேரு சினாசோஸ். பலூன்ல பறக்கிற வீடியோவெல்லாம் பாத்திருப்பீங்க, அது இங்கேருந்து கொஞ்சம் தள்ளி கோரெமே பக்கம். அங்க கால் வைக்க இடம் இல்ல. இங்க, பாருங்க, தெருவுல நானும் ஒரு பூனையும்தான்.

வீடுகளைப் பாத்துக்கிட்டே நடப்போம். இது எல்லாம் எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான கல்லு. வெட்டி எடுக்கும்போது மெதுவா இருக்கும், காத்து பட பட கெட்டியாயிடும். அதனாலதான் ஜன்னலுக்கு மேல, தூணு மேல இவ்வளவு நுணுக்கமா வேலை பண்ண முடிஞ்சிருக்கு. ஆனா மக்களே, கல்லு கிடைச்சா மட்டும் போதுமா? ஒரு சின்ன ஊர்ல இத்தனை பெரிய வீடு கட்ட காசு எங்கேருந்து வந்துச்சு?

கேட்டா ஆச்சரியப்படுவீங்க. மீன்லேருந்து வந்துச்சு! சுத்தி எங்கயும் கடலே கிடையாது. இந்த ஊர் ஆம்பளைங்க இஸ்தான்புல்லுக்குப் போய் உப்புப் போட்ட மீனு, கேவியர், அதாவது மீன் சினை, இந்த யாவாரத்துல பெரிய கை ஆயிட்டாங்க. வருஷக் கணக்குல அங்கேயே இருப்பாங்க. வீடு, தோட்டம், பிள்ளைங்க எல்லாத்தையும் பொம்பளைங்கதான் இங்க பாத்துக்கிட்டாங்க. அங்க சம்பாதிச்ச காசுதான் 19ஆம் நூற்றாண்டுல இந்த மாடி வீடாவும், தேவாலயமாவும், பள்ளிக்கூடமாவும் ஆச்சு. வாழ்றதுக்கு இஸ்தான்புல், வீடு கட்டுறதுக்கு சினாசோஸ். வெளியூர்ல உழைச்சு சொந்த ஊர்ல வீடு கட்டுறவங்க மனசு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

இவங்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவங்க, கிரேக்கம் பேசினவங்க. பக்கத்துலயே முஸ்லிம் குடும்பங்களும் இருந்தாங்க. கீழ ஒரு பழைய மதரசா இருக்கு, வாசல் வேலைப்பாடு கண்ணை எடுக்க விடாது. அந்தக் கட்டடத்தை இப்போ பல்கலைக்கழகம் பயன்படுத்துது.

சரி, 1924க்கு வருவோம். முதல் உலகப்போர் முடிஞ்சு, அதுக்கப்புறம் கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் நடந்த போர் 1922ல முடிஞ்சுது. 1923 ஜனவரி 30ஆம் தேதி சுவிட்சர்லாந்துல லொசான்ங்கிற ஊர்ல ரெண்டு அரசாங்கமும் ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டாங்க. துருக்கியில இருக்கிற ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவங்க கிரேக்கத்துக்குப் போகணும், கிரேக்கத்துல இருக்கிற முஸ்லிம்கள் துருக்கிக்கு வரணும். கட்டாயம். இஸ்தான்புல் கிரேக்கர்களுக்கும், கிரேக்கத்துல மேற்குத் திரேஸ்ங்கிற பகுதியில இருந்த முஸ்லிம்களுக்கும் மட்டும் விலக்கு. அனுமதி இல்லாம திரும்பி வந்து குடியிருக்கவும் கூடாதுன்னு அதுலயே எழுதி வச்சாங்க. போர்ல முன்னாடியே ஓடிப்போனவங்களையும் சேத்தா அந்தப் பக்கம் சுமார் 12 லட்சம் பேர், இந்தப் பக்கம் ஏறத்தாழ 4 லட்சம் பேர்.

இதுல என்னைத் தூங்க விடாத விஷயம் ஒண்ணு இருக்கு. யாரு எந்தப் பக்கம்னு எதை வச்சு முடிவு பண்ணாங்க? மதத்தை மட்டும் வச்சு. பேசுற பாஷையை ஒருத்தரும் கேக்கல. இதே கப்படோசியாவுல நிறைய கிறிஸ்தவ ஊர்கள்ல வீட்டுப் பேச்சே துருக்கிதான். கரமன்லின்னு சொல்லுவாங்க. கிரேக்க எழுத்துல துருக்கி பாஷையை எழுதினவங்க. அவங்களையும் கிரேக்கர்னு கப்பல் ஏத்தினாங்க. அங்க கிரீட் தீவுல கிரேக்கம் மட்டுமே தெரிஞ்ச முஸ்லிம்களைத் துருக்கியர்னு இங்க அனுப்பினாங்க. இறங்கின இடத்துல தண்ணி கேக்கக்கூட வார்த்தை தெரியாம எத்தனை பேர் நின்னிருப்பாங்க, யோசிச்சுப் பாருங்க.

இங்க சண்டை நடக்கல. அதனால சினாசோஸ்காரங்களுக்குக் கிளம்ப கொஞ்சம் நேரம் கிடைச்சுது. அந்த நேரத்துல என்ன பண்ணாங்க தெரியுமா? போட்டோகிராபர் வச்சு ஊரையே படம் எடுக்க வச்சாங்க. தெரு, வீடு, தேவாலயம், எல்லாம். இனிமே பாக்க முடியாதுன்னு தெரிஞ்சு எடுத்த படம். அந்தப் படங்கள் இன்னைக்கும் இருக்கு. நான் போன்ல ஒண்ணு ரெண்டை வச்சுக்கிட்டு அதே இடத்துல நின்னு பாத்தேன். ஜன்னல் அப்படியே இருக்கு. (கொஞ்சம் இருங்க... தொண்டை அடைக்குது.)

கப்படோசியாவுலேருந்து போனவங்க மாட்டு வண்டியில சாமான் ஏத்தி ரயில் பாதை வரைக்கும் போய், மெர்சின் துறைமுகத்துல கப்பல் ஏறினாங்க. நம்ம பக்கம் புதுசா கோயில் எழுப்பணும்னா பழைய கோயில்லேருந்து பிடிமண் எடுத்துட்டுப் போவோமே, அதே மாதிரி இவங்க சாமி படங்களை எடுத்துக்கிட்டாங்க. பக்கத்து உர்குப்காரங்க ஒரு படி மேல போனாங்க. புனித ஜான்னு ஒருத்தர், போர்ல பிடிபட்ட ரஷ்ய சிப்பாய், உர்குப்ல அடிமையா குதிரை லாயத்துல வாழ்ந்து 1730ல இறந்தவர். அவரோட உடலையே எடுத்துட்டுப் போயிட்டாங்க. இப்போ அது கிரேக்கத்துல எவியா தீவுல இருக்கு. உர்குப்புக்கு கிரேக்கப் பேரு ப்ரோகோபி, அதனால அங்க அவங்க குடியேறின ஊர் நேயோ ப்ரோகோபி. அதே தீவுல நேயா சினாசோஸும் இருக்கு. புது சினாசோஸ். இங்க பேரு மாறிப்போச்சு, பேரு மட்டும் கடல் தாண்டிப் பிழைச்சுக்கிச்சு.

காலியான வீட்டுக்கு யாரு வந்தாங்க? வடக்கு கிரேக்கத்துல கஸ்தோரியா பக்கம் ஜெர்வேனின்னு ஒரு மலைக்கிராமம். அங்கேருந்து வந்தவங்கதான் இங்க நிறைய. அவங்க வீட்டுல பேசினது துருக்கியும் இல்ல, கிரேக்கமும் இல்ல, மாசிடோனிய மொழி! துருக்கியில இப்படி வந்தவங்களை மூபாதில்னு சொல்லுவாங்க, மாத்திக்கப்பட்டவங்கன்னு அர்த்தம். காலையில டீக்கடையில ஒரு தாத்தாகிட்ட, போன்ல மொழிபெயர்ப்பை வச்சுக்கிட்டு பேசினேன். அவர் பாட்டிக்குக் கடைசி வரைக்கும் கோவம் வந்தா அந்தப் பாஷைதான் வருமாம். அவர் ஜெர்வேனியைப் பாத்ததே இல்ல. ஆனா அங்க எந்தப் பக்கம் ஓடை, எந்தப் பக்கம் மலைன்னு மேஜை மேல விரலால போட்டுக் காட்டினார்.

இன்னொண்ணும் சொன்னார். கிரேக்கத்துலேருந்து பேரப்பிள்ளைங்க வருவாங்களாம், பழைய படத்தைக் கையில வச்சுக்கிட்டு எங்க தாத்தா வீடு எதுன்னு தேடிக்கிட்டு. கதவைத் தொறந்து உள்ள கூப்பிட்டு டீ குடுப்போம்னார். "கூச்சமா இருக்காதா தாத்தா, அவங்க வீட்டுல நீங்க இருக்கீங்களே?"ன்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாதோன்னு அப்புறம் தோணுச்சு. அவர் கோவிக்கல. "எங்க வீட்டுலயும் யாரோ இருக்காங்கல்ல"ன்னார்.

2021ல ஐநா சுற்றுலா அமைப்பு உலகத்தின் சிறந்த சுற்றுலா கிராமங்கள்ல ஒண்ணா இதைச் சேத்துச்சு. சந்தோஷம்தான். ஓட்டல் ஆன மாளிகைகள் நல்லா பராமரிப்புல இருக்கு. ஆனா நீங்க வந்தா, கல் வேலைப்பாட்டுக்கு முன்னாடி நின்னு படம் எடுத்துட்டு மட்டும் போயிடாதீங்க. வாசல்ல உக்காந்திருக்கிறவங்ககிட்ட உங்க குடும்பம் எங்கேருந்து வந்துச்சுன்னு கேளுங்க. சொல்றதுக்குக் காத்துக்கிட்டிருக்காங்க.

சரி, இங்க திரும்புங்க. புகை தெரியுதா? இது அறுவடைக் காலம். பெக்மெஸ் காய்ச்சுறாங்க, திராட்சைப் பாகு. பிழிஞ்ச சாறுல ஒரு வெள்ளை மண்ணைப் போட்டுக் கலக்கி, புளிப்பைத் தெளிய வச்சு, அப்புறம் மணிக்கணக்கா அடுப்புல. கிறிஸ்தவங்க இருந்தப்போ இந்த ஊர்த் திராட்சை நிறைய ஒயினுக்குப் போச்சு. இப்போ பாகுக்குப் போகுது. அந்த அக்கா கை காட்டிக் கூப்பிடுறாங்க. கரண்டியில ஊத்தித் தர்றாங்க... ஆஹா, சுடுது! நம்ம பதநீர்ப் பாகு பதத்துல, அடியில லேசா புளிப்பு. ரொட்டி வேற குடுக்கிறாங்க. கேமராவைக் கீழ வைக்கிறேன் மக்களே, நிக்க வச்சுக்கிட்டே இருக்கிறது மரியாதை இல்ல.