போர் நூலைப் பின்னாலிருந்து திறவுங்கள்

(மட்டக்களப்பில் வாசிப்பு மாத நிகழ்வொன்றில் ஆற்றிய உரை. பேசியபடியே எழுதியிருக்கிறேன், தண்ணீர் குடித்த இடங்களை மட்டும் விட்டுவிட்டேன்.)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, மங்கல விளக்கேற்றிய பிரதேச செயலாளர் அவர்களே, ஆசியுரை வழங்கிய குருக்கள் ஐயா அவர்களே, அருட்தந்தை அவர்களே, மௌலவி அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற கல்விப் பணிப்பாளர் அவர்களே! ஐயா, முதல் நியமனக் கடிதத்தோடு நான் வந்து நின்றது உங்கள் மேசைக்கு முன்னால்தான். அந்த நடுக்கம் இன்றைக்கும் முழங்காலில் மிச்சமிருக்கிறது. நூலகர் அம்மா அவர்களே, என் பழைய மாணவர்களே, கதிரை கிடைக்காமல் வாசலில் நிற்கிற தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

பொன்னாடை போர்த்திய அன்பருக்கு நன்றி. இந்த வெக்கையில் அதை மடித்து வைத்ததற்கு மன்னிக்கவேண்டும். வரவேற்புரையில் என்னைப் 'புவியியலின் இமயம்' என்று தம்பி சொன்னார். முப்பத்திரண்டு வருடம் புவியியல் படிப்பித்தேன், அவ்வளவுதான். இமயத்தை நான் பார்த்ததுகூட இல்லை.

'போர் நூல்களைத் தேர்ந்து வாசித்தல்' என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். வரலாறு, நினைவுக்குறிப்பு, நாவல், மொழிபெயர்ப்பு என்று நாலு கூறாகப் பேசுவதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். அரை மணித்தியாலம். பார்ப்போம்.

போர் என்றதும் உங்கள் மனம் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். அந்தப் போரின் நூல்கள் இந்த நூலகத்தில் ஒன்றரைத் தட்டு இருக்கின்றன. இன்றைக்கு அவற்றைத் தொடப்போவதில்லை. அந்த நூல்களின் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் இந்த மண்டபத்தில் யாரோ ஒருவருடைய வீட்டு வாசல் வரும். வாசிக்கப் பழகுவதற்குக் கொஞ்சம் தள்ளி நிற்கிற போர் ஒன்று வேண்டும். நீந்தப் பழகுகிறவனை முகத்துவாரத்தில் கொண்டுபோய் இறக்குவார்களா? வாவிக்கரையில் நின்று என்னுடைய அம்மா கத்துவா: 'ஆழம் தெரியாமக் காலை உடாத மனே!' ஆழமறியாமல் காலை விடாதே. எனக்குத் தெரிந்த ஒரே பழமொழி அதுதான் என்று என் மாணவர்கள் சொல்வார்கள். இருக்கட்டும்.

ஆகவே இரண்டாம் உலகப்போர். அது தூரத்துப் போர் என்று நினைக்கிறீர்களா? கல்லடிக் கடற்கரையில் நின்று கிழக்கே பாருங்கள். அங்கே, 50 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில், ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி முற்பகல் யப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்தன. கப்டனோடு சேர்த்து 307 பேர் இறந்தார்கள். கூட வந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் போயிற்று. வீட்டா என்ற வைத்தியக் கப்பல் அந்தப் பக்கம் வந்தபடியால் அறுநூறு பேரளவில் தப்பினார்கள்.

இனி என் மாமாவின் கதை. தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐயா, இந்தக் கதை தலைப்புக்குள்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் மூத்த அண்ணன். அன்றைக்கு அவருக்குப் பன்னிரண்டு வயது, கரைவலை இழுக்கிற கூட்டத்தில் ஒரு பொடியன். கப்பல் எரிந்ததைக் கண்ணால் கண்டவர். எங்கள் வீட்டில் கலியாணமோ செத்த வீடோ, சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு வந்ததும் யாராவது தொடக்கிவிடுவார்கள்: "அந்தக் கப்பல் கதையச் சொல்லுங்க." மாமா பாக்கை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு தொடங்குவார். வலை பாதி வந்துவிட்டதாம். கடலில் இடி கேட்டதாம். பார்த்தால் கப்பலிலிருந்து ஆகாயக்கப்பல் ஒவ்வொன்றாகக் கிளம்பி மேலே போகிறதாம். "இலையான் எழும்புற மாதிரி, ஒண்டுக்குப் பின்னால ஒண்டு." கிளம்பிய விமானங்கள் எதிரியோடு சண்டை பிடித்துத் தோற்றன, அதற்குப் பிறகுதான் கப்பல் தாண்டது என்பது மாமாவின் வரலாறு. வலையை விட்டுவிட்டு எல்லாரும் ஓடினார்கள். அன்றைய மீனெல்லாம் போயிற்று. அந்த மீனைப் பற்றிச் சொல்லும்போதுதான் மாமாவுக்குக் கண் கலங்கும்.

நான் பல்கலைக்கழகத்தில் படிக்கிற காலத்தில் ஆங்கில நூலொன்றில் அந்த நாளைப் பற்றி வாசித்தேன். திடுக்கிட்டுப் போனேன். ஹேர்மிஸில் அன்றைக்கு ஒரு விமானம்கூட இருக்கவில்லை! தாக்குதல் வரப்போகிறது என்று தெரிந்து முதல்நாள் இரவு அவசரமாகத் திருகோணமலையை விட்டு வெளியேறியபோது விமானங்கள் கரையிலேயே நின்றுவிட்டன. காப்பாற்றப் போன விமானங்களும் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தன.

விடுமுறைக்கு வந்ததும் நூலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாடிக்குப் போனேன். இருபத்தொரு வயது, அந்த வயதில் ஒருவனுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. "மாமா, நீங்க சொல்றது பிழை. அதில விமானமே இல்ல" என்றேன். வலை பொத்திக்கொண்டிருந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன மனே கதைக்காய்? நீ கண்டயா, நான் கண்டனா?" என்றார். நான் நூலைத் திறந்து தேசப்படத்தைக் காட்டினேன். மாமாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் படம் தெரியும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வெளிச்சவீடு எங்க?" என்று கேட்டார். இல்லை. "முகத்துவாரம்?" இல்லை. மட்டக்களப்பு என்று ஒரு புள்ளி, கடலில் ஒரு சிலுவைக்குறி, அவ்வளவுதான். மாமா எழும்பி மணலில் தடியால் கீறத் தொடங்கினார். வெளிச்சவீடு இங்கே, வாய் இங்கே, இந்தத் தென்னைகளை இப்படி ஒரு கோட்டில் பிடித்தால் இங்கே வலை சிக்கும். அதுதான் கப்பல் என்றார்.

அவர் சொன்ன திசை சரி. முக்குளிக்கிறவர்கள் இன்றைக்கு இறங்குகிற பக்கம்தான் அது.

பிறகு பல வருடம் இந்தக் குழப்பம் எனக்குள் இருந்தது. இடத்தைச் சரியாகச் சொன்ன மனிதர் விமானத்தில் எப்படிப் பிழைவிட்டார்? இப்போது எனக்குத் தோன்றுவது இதுதான். குண்டு போட வந்த விமானங்கள் செங்குத்தாக விழுந்து, குண்டை விட்டு, கடல்மட்டத்துக்குக் கிட்ட வளைந்து மேலே எழும்பும். கரையிலிருந்து பார்க்கிற பொடியனுக்கு அது கப்பலிலிருந்து கிளம்புவதாகத்தான் தெரியும். கண்டதில் பிழையில்லை. கண்டதற்கு அவர் சொன்ன விளக்கம்தான் பிழை.

படிக்காத வலைக்காரர், அதனால் தவறினார் என்று யாரும் எண்ணவேண்டாம். மிட்சுவோ புச்சிடா என்ற யப்பானிய அதிகாரி. பேர்ல் துறைமுகம், கொழும்பு, திருகோணமலை மூன்றையும் தாக்கிய விமானங்களுக்குத் தலைமை தாங்கியவர். நம் கடலுக்கு வந்த ஐந்து விமானந்தாங்கிகளில் மூன்று இரண்டே மாதத்தில், 1942 யூன் மாதம், பசிபிக் கடலில் மிட்வே தீவுப் பக்கம் நடந்த சண்டையில் அழிந்தன. அதைப் பற்றி 1951இல் இன்னொருவரோடு சேர்ந்து நூல் எழுதினார். அமெரிக்கக் குண்டுகள் விழுந்த நேரத்தில் கப்பல் தளம் நிறைய விமானங்கள் கிளம்ப ஆயத்தமாக நின்றன, இன்னும் ஐந்து நிமிடம் கிடைத்திருந்தால் கதையே வேறு என்றார். 1955இல் ஆங்கிலத்தில் வந்தது. உலகம் நம்பியது. 1971இல் யப்பானின் சொந்த உத்தியோகபூர்வப் போர் வரலாறே அப்படியில்லை என்று காட்டியது. அது யப்பானிய மொழியில் கிடந்தபடியால் ஆங்கில வாசகரிடம் 2005இல்தான் பரவலாகப் போய்ச் சேர்ந்தது. பாருங்கள், அவரும் தளத்தில் இல்லாத விமானத்தைத்தான் நிறுத்திவைத்தார்! என் மாமா பொடியனாக இருந்து கரையில் நின்று கண்டார். இவரோ அந்தக் கப்பலிலேயே நின்றவர். குடல்வால் சத்திரசிகிச்சையால் அன்றைக்குப் பறக்க முடியவில்லை. மாமாவின் பிழையால் அன்றைய மீனைத் தவிர யாருக்கும் நட்டமில்லை. புச்சிடா தோல்வியை ஐந்து நிமிடமாகச் சுருக்கியதால் தோற்றவர்களின் மானம் கொஞ்சம் தப்பியது.

ஆக, நினைவுக்குறிப்பை எடுக்கும்போது இரண்டைப் பாருங்கள். அந்த மனிதர் எங்கே நின்றார்? அப்படிச் சொல்வதால் அவருக்கு என்ன கிடைக்கிறது? தன் தொழில் கற்றுக்கொடுத்ததை ஒருவர் சொன்னால் கூடுதலாக நம்பலாம். மாமாவிடம் திசையைக் கேட்டிருக்கவேண்டும். நான் விமானத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வரலாற்று நூலுக்கு வருகிறேன். அச்சான வருடத்தைப் பாருங்கள். சேர்ச்சில் 1948இலிருந்து ஆறு தொகுதி எழுதினார். கடந்த காலத்தை வரலாற்றுக்கு விட்டுவிடலாம், அந்த வரலாற்றை நானே எழுதப்போகிறேன் என்று அதே ஆண்டில் பாராளுமன்றத்தில் பகிடியும் விட்டார். ஆனால் ஜேர்மனியரின் இரகசியக் குறியீட்டைப் பிரித்தானியர் உடைத்து வாசித்துக்கொண்டிருந்ததை அந்த ஆறு தொகுதியிலும் அவர் சொல்லவில்லை. 1974இல்தான் அது ஊரறிய வெளியே வந்தது. அதற்கு முந்திய நூல்கள் பலவற்றில் தளபதிகளுக்கு எதிரியின் எண்ணம் ஞானதிருஷ்டியால் தெரிந்ததுபோல இருக்கும். பழைய நூலை வாசிக்கலாம், என்ன குறைகிறது என்று தெரிந்துகொண்டு வாசிக்கலாம். இன்னொன்று, யப்பானியக் கடற்படை எங்கே போனாலும் டோக்கியோ நேரத்தைத்தான் பதிந்தது. நமது முற்பகல் அவர்களுடைய ஏட்டில் பிற்பகல். நேரம் ஒத்துவரவில்லை என்று எந்த ஆசிரியரையும் அவசரப்பட்டுத் திட்டவேண்டாம். ஆழமறியாமல் காலை விடாதே!

இதையெல்லாம் கடையில் நின்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்குத்தான் வந்தேன். நூலைப் பின்னாலிருந்து திறவுங்கள். கடைசியில் சொல்லடைவு, அதாவது எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று காட்டுகிற பட்டியல், இருக்கிறதா? நடுவில் தேசப்படம் இருக்கிறதா? சொல்லடைவில் உங்களுடைய ஊரைத் தேடுங்கள். மட்டக்களப்பு என்று இருந்தால் அந்தப் பக்கத்தை வாசியுங்கள். நீங்கள் அறிந்த இடத்தை அவர் சரியாக எழுதியிருந்தால், நீங்கள் அறியாத இடத்திலும் கொஞ்சம் நம்பலாம். இரண்டு நிமிடத்தில் முடிகிற சோதனை இது. காசும் மிச்சம்.

சயாம் - பர்மா ரெயில் பாதையை எடுங்கள். 415 கிலோமீற்றர், 1942, 43இல் யப்பானியர் போர்க்கைதிகளையும் தொழிலாளரையும் வைத்துப் போட்டது. அதில் இறந்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். அவர்களில் ஏறத்தாழ ஏழாயிரம் பேர் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஒரே மயானத்தில் வரிசை வரிசையாக இருக்கிறார்கள். பெரும்பாலான கல்லிலே பெயர் உண்டு. உயிர் தப்பிய கைதிகள் எழுதிய நினைவுக்குறிப்புகள் ஒரு அலுமாரி நிறையும். அவர்களைவிடப் பல மடங்காக இறந்தவர்கள் ஆசியத் தொழிலாளர். அவர்களில் பெருந்தொகையினர் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நமது தமிழர். அவர்களைச் சொல்லடைவில் தேடிப் பாருங்கள். நான் புரட்டிய சில நூல்களில் ஒவ்வொரு கேணலுக்கும் தனித்தனி வரி இருந்தது. இவர்களுக்கு 'கூலிகள்' என்று எல்லாருக்குமாக ஒரு வரி. முன்னுரையில் ஆசிரியர் என்ன அழுதாலும் அழட்டும், அவருடைய கண் யார்மேல் இருந்தது என்பதைக் கடைசிப் பக்கம் சொல்லிவிடும்.

நமது தமிழ் நூல்களிலோ அந்த ஒரு வரியும் இல்லை! நானூறு பக்கம், நூற்றுக்கணக்கான பெயர்கள், சொல்லடைவு கிடையாது. தன் தகப்பனின் பெயர் அதற்குள் இருக்கிறதா என்று தேடுகிற பிள்ளை நானூறு பக்கத்தையும் வாசிக்கவேண்டும். பக்கம் கூடும், செலவு கூடும் என்கிறார்கள். வாழ்த்துரை, அணிந்துரை, ஆசியுரை, என்னுரை, பதிப்புரைக்கு இருபது பக்கம் இருக்கிறதே? முன்வரிசையில் இருக்கிறவர்கள் கோபிக்கக்கூடாது. நானும் ஏழு நூலுக்கு அணிந்துரை எழுதியவன். ஒரு நூலகத்தில் (இது அல்ல, அம்மா) போர்க்கால நூலொன்றுக்கு நானே மூன்று மாதம் இருந்து கையால் சொல்லடைவு எழுதிப் பின்னட்டையில் ஒட்டிக் கொடுத்தேன். நூலைப் பழுதாக்கியதாகத் தண்டம் கட்டச் சொன்னார்கள். கட்டினேன். பற்றுச்சீட்டு இன்னும் இருக்கிறது.

ஆகவே ஒரு விண்ணப்பம் தயாரித்திருக்கிறோம். நூல் வெளியிடப் பொதுப்பணத்தில் உதவி கொடுக்கிற எந்த அலுவலகமும், சொல்லடைவும் தேசப்படமும் இல்லாத வரலாற்று நூலுக்கும் நினைவுக்குறிப்புக்கும் உதவி கொடுக்கக்கூடாது. தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருக்கிறது. பிரதேச செயலாளர் அவர்கள் பிரதியொன்றை வாங்கி வைத்திருக்கிறார். முகத்தில் மறுப்பொன்றும் தெரியவில்லை. நம்முடைய அந்த ஒன்றரைத் தட்டுக்கும் இதுதான் தேவை. தமிழர் எழுதியது, முஸ்லிம்கள் எழுதியது, சிங்களவர் எழுதியது, இராணுவத்தில் இருந்தவர் எழுதியது, மூன்றையும் நாலையும் மேசையில் விரித்து ஒரே ஊரின் பெயரைத் தேடிப் பார்க்க முடியவேண்டும். பக்கத்து ஊரின் நூலையும் வாசிக்காமல் நமது ஊரின் கதையில் இறங்காதீர்கள். ஆழமறியாமல்... சரி, நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

நாவல்களைப் பற்றி நிறையச் சொல்ல இருந்தேன். ப. சிங்காரம் 1972இல் வெளியிட்ட 'புயலிலே ஒரு தோணி' மட்டும் சொல்கிறேன். போர்க்காலத் தென்கிழக்காசியாவில் தமிழர் எப்படி அலைந்தார்கள் என்று அறிய அதை வாசியுங்கள். தேசப்படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். நாவலுக்குச் சொல்லடைவு கேட்கமாட்டேன், அவ்வளவு பைத்தியம் இல்லை. மொழிபெயர்ப்பு... இரண்டாவது மணியும் அடித்துவிட்டது. அதை அடுத்த முறை கூப்பிட்டால் பார்க்கலாம்.

விண்ணப்பம் வாசலில், செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. பெயரை முழுமையாக எழுதுங்கள். நீலப் பேனை எழுதாது, கறுப்பை எடுங்கள். நன்றி, வணக்கம்.