பிசின் தின்னும் சறுக்கி: சுகர் கிளைடரின் உடலமைப்பும் வாழ்வும்

(கும்பகோணத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

வளர்ப்புப் பிராணிகள் விற்கும் கடைகளில் கிளிக்கும் மீனுக்கும் அருகே இப்போது சுகர் கிளைடரும் இடம்பிடித்துவிட்டது. அதன் படத்தைக் கைப்பேசியில் காட்டி, "ஐயா, இது பறக்கும் அணில்தானே?" என்று கேட்கும் மாணவர்கள் உண்டு. அணில் அன்று என்பதே விடை. சுகர் கிளைடர் கங்காருவையும் கோலாவையும் போன்ற பைப்பாலூட்டி. நம் தென்னையில் ஓடும் முக்கோட்டு அணிலோ நம்மைப் போலவே கருவை நஞ்சுக்கொடியால் நெடுநாள் வளர்த்து ஈனும் கூட்டத்தைச் சேர்ந்தது. ஆக, அணிலுக்குச் சுகர் கிளைடரைவிட நாமே நெருங்கிய உறவினர்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் மெய்யாகவே பறக்கும் அணில்கள் இருக்கின்றன. அவற்றுக்கும் முன்னங்காலிலிருந்து பின்னங்கால் வரை தோல்சவ்வு உண்டு. ஆனால் பறக்கும் அணிலின் மணிக்கட்டிலிருந்து குருத்தெலும்பு ஒன்று குச்சியாக நீண்டு சவ்வின் ஓரத்தைத் தாங்குகிறது. சுகர் கிளைடருக்கு அப்படியொரு குச்சி இல்லை; அதன் சவ்வு முன்கையின் ஐந்தாம் விரலில் தொடங்கிப் பின்காலின் முதல் விரலில் முடிகிறது. ஒரே தேவைக்கு இரு வேறு குலங்கள் தனித்தனியே கண்ட இரு வழிகள் இவை.

இவ்விலங்கு பறப்பதில்லை, சறுக்குகிறது. உயர்ந்த கிளையிலிருந்து பின்னங்கால்களால் உந்திப் பாய்ந்து, நான்கு கால்களையும் விரித்து, கைகால்களின் சாய்வை மாற்றித் திசை திருப்பி, ஒரே பாய்ச்சலில் 50 மீட்டர் வரை கடக்கும். மரத்தை நெருங்கியதும் உடலை நிமிர்த்தி வேகத்தைக் குறைத்து, நான்கு பாதங்களாலும் பட்டையைப் பற்றிக்கொள்ளும். 100 முதல் 150 கிராம் எடையே உள்ள உடல், தரையில் இறங்கி ஆந்தைக்கும் பூனைக்கும் இரையாகாமல் ஒரே இரவில் பல மரங்களில் தீனி தேட இதுவே வழி.

பின்பாதத்தைச் சற்று நெருங்கிப் பாருங்கள். பெருவிரலில் நகமே இல்லை. அது மற்ற விரல்களுக்கு எதிராக மடங்கிக் கிளையை இறுகப் பிடிக்கிறது. இரண்டாம், மூன்றாம் விரல்கள் தோலால் ஒன்றாக ஒட்டி, நுனியில் மட்டும் இரண்டு நகங்களாகப் பிரிந்து நிற்கின்றன. மென்மயிரை வாரவும் ஒட்டுண்ணிகளை நீக்கவும் பயன்படுவது அந்த இரட்டை நகமே. வளர்ந்த ஆணின் உச்சந்தலையில் மயிரற்ற ஒரு திட்டு தெரியும். அது நோயன்று, மணச்சுரப்பி. ஆண் அதைக் கூட்டத்தின் மற்ற உறுப்பினர் மீது தேய்த்துத் தன் குடும்பத்துக்குப் பொது மணத்தைப் பூசுகிறது. அம்மணம் இல்லாத அயலான் வந்தால் விரட்டப்படும்.

இனி உணவு. இவ்விலங்கின் உடலைப் புரிந்துகொள்ளத் திறவுகோல் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. கோடையில் ஏரிக்கரைக் கருவேலமரத்தின் பட்டை வெடித்த இடத்தில் பொன்னிறமாகக் கசிந்து உறையும் பிசினை இவ்வட்டாரத்தில் அறியாதவர் இல்லை. நீலகிரியில் சீகை என்று சொல்லப்படும் வாட்டில் மரமும் அந்த வகையைச் சேர்ந்ததே. அதன் தாயகம் ஆஸ்திரேலியா. அதன் பிசினும், தைல மரத்தின் பட்டையில் வழியும் இனிப்புச் சாறும் சுகர் கிளைடரின் குளிர்கால உணவில் பெரும்பங்கு. கீழ்த்தாடையில் முன்னோக்கி நீண்ட இரண்டு வெட்டுப்பற்கள் பட்டையைக் கீறுகின்றன. பிசினோ எளிதில் செரிக்காத மாவுப்பொருள். ஆகவே சிறுகுடலும் பெருங்குடலும் கூடும் இடத்தில் உள்ள பை பெரிதாக வளர்ந்து, அங்கே நுண்ணுயிர்கள் அதை நொதிக்கச் செய்கின்றன. குட்டி ஈனும் காலத்தில் புரதம் வேண்டும் என்பதால் பூச்சிகள் முதன்மையாகின்றன. குளிரோ மழையோ நீடித்து உணவு கிடைக்காவிட்டால், உடல் வெப்பத்தையே தாழ்த்தி, சில மணி நேரம் மந்தநிலையில் கிடந்து ஆற்றலைச் சேமிக்கும்.

கூண்டில் வளர்ப்போர் வெறும் பழத்தையும் தேனையும் கொடுப்பதால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து, எலும்பு நலிந்து, பின்னங்கால்கள் செயலிழக்கும் நிலை வருகிறது. பெயரில் சர்க்கரை இருப்பதால் வந்த வினை என்றே எனக்குத் தோன்றுகிறது.

கர்ப்பகாலம் 16 நாள் அளவே. பிறக்கும் குட்டியின் எடை 0.2 கிராம், அதாவது பொன்னி நெல்மணி பன்னிரண்டின் எடை. கண்ணும் காதும் உருவாகாத அந்தக் குட்டி, முன்கைகளால் மட்டும் தாயின் மயிரில் ஊர்ந்து பைக்குள் சென்று முலைக்காம்பைக் கவ்வுகிறது. காம்பு வாய்க்குள்ளேயே பருத்து அதைப் பிணைத்துக்கொள்கிறது. ஏறக்குறைய 70 நாள் பைக்குள் இருந்துவிட்டுப் பின் பொந்துக்கு மாறும்.

பொந்து என்றதும் நம் பக்கத்துத் தைல மரத் தோப்புகள் நினைவுக்கு வரலாம். கந்தர்வகோட்டைப் பக்கம் நட்ட சில ஆண்டுகளிலேயே வெட்டப்படும் மரத்தில் பொந்து ஏது? ஆஸ்திரேலியக் காட்டில் இவ்விலங்கு குடியேறத் தக்க பொந்து அமைய நூறாண்டுக்கு மேலாகிறது. அதனால்தான் முதுமரங்களை இழந்த காட்டில், உணவு இருந்தும் இதற்கு வாழ இடமில்லை.

ஒரே இனம் என்று நெடுங்காலம் கருதப்பட்டதை 2020ஆம் ஆண்டு ஆய்வு மூன்றாகப் பிரித்தது. குறுகிய பொருளில் சுகர் கிளைடர் எனப்படுவது ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரக் காடுகளில் மட்டுமே வாழ்கிறது. அமெரிக்க வீடுகளில் வளர்பவற்றின் மூதாதையரோ ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள நியூகினித் தீவின் மேற்குப் பகுதியைச் சேர்ந்தவை.

ஆஸ்திரேலியாவின் தெற்கே உள்ள டாஸ்மேனியாத் தீவில் இம்மூன்று இனங்களில் எதுவும் இயற்கையாக இல்லை. அவற்றில் ஒன்றை 19ஆம் நூற்றாண்டில் மனிதர் கொண்டுசென்று விட்டனர். அங்கே அழியும் விளிம்பிலுள்ள விரைவுக்கிளியின் பொந்தில் இரவில் நுழைந்து, முட்டையையும் குஞ்சையும், அடைகாக்கும் தாய்ப்பறவையையும்கூடத் தின்கிறது. பிசினும் பூச்சியும் தின்னும் சாதுவான உயிர் என்று நான் இதுவரை வரைந்த சித்திரத்தில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கிளியைக் காக்க ஆய்வாளர்கள் செய்த கூட்டுப்பெட்டியின் கதவு, ஒளியை உணர்ந்து அந்தியில் தானே மூடிக்கொண்டு, விடிந்தபின் திறக்கிறது.