கண்ணாடி மாற்றப் போன அம்மா: கண் பரிசோதனையில் என்னென்ன பார்க்கிறார்கள், ஏன்?

[திரையில்: சுவரில் எழுத்துப் பலகை. கீழ் வரிசைகள் மங்கலாக.]

"கண்ணாடி பவர் ஏறிருச்சு போல. கடையில மாத்திட்டு வந்துடலாம்." அம்மா இப்படித்தான் சொன்னார். வயது 59, சர்க்கரை நோய் வந்து எட்டு வருடம். கடைக்குப் போகாமல் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். காலை 9 மணிக்கு உள்ளே போனவர்கள் வெளியே வர மதியம் ஒன்றரை ஆகிவிட்டது. அந்த நேரத்தில் என்னென்ன பார்த்தார்கள், எதற்காகப் பார்த்தார்கள் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் எழுத்துப் பலகை. அம்மாவின் சீட்டில் வலது கண்ணுக்கு 6/18 என்று எழுதினார்கள். நல்ல கண் 18 மீட்டர் தூரத்திலிருந்து படிக்கும் எழுத்தை இந்தக் கண் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்கும் என்று அர்த்தம். அப்புறம் சின்னத் துளை போட்ட ஒரு தட்டைக் கண்முன் வைத்து மறுபடி படிக்கச் சொன்னார்கள். துளை வழியே எழுத்து தெளிந்தால், பெரும்பாலும் கண்ணாடியே போதும். தெளியவில்லை என்றால் கோளாறு கண்ணுக்குள் இருக்கலாம். இடது கண் தெளிந்தது, வலது கண் தெளியவில்லை. நாற்பது வயதுக்கு மேல் பேப்பரைத் தள்ளிப் பிடித்துப் படிக்கிறோமே, அந்த வெள்ளெழுத்து தனி. அது நோயே இல்லை, வயது. அதற்குக் கண்ணாடி போதும்.

அடுத்து கண் அழுத்தம். இது இரத்த அழுத்தம் இல்லை. விழிக்குள் ஒரு நீர் சுரந்து, வடிந்துகொண்டே இருக்கிறது. வடிகால் சரியாக வேலை செய்யாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். சாதாரணமாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். அம்மாவுக்கு வலது 26, இடது 24. "எனக்கு வலியே இல்லையே" என்றார் அம்மா. பயப்பட வேண்டிய விஷயமே அதுதான்.

[திரையில்: தெருக்காட்சி. ஓரங்கள் மெல்ல மெல்ல மறைகின்றன. நடுப்பகுதி மட்டும் தெளிவாக.]

இந்த அழுத்தம் பார்வை நரம்பைக் கெடுத்தால் அதன் பெயர் கிளாக்கோமா, தமிழில் கண் நீர் அழுத்த நோய். விழியிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் சுமார் பத்து லட்சம் இழைகள் உண்டு. அவை ஒவ்வொன்றாகப் பட்டுப்போகும். முதலில் போவது பெரும்பாலும் ஓரப் பார்வை. நேரே பார்ப்பது கடைசி வரை நன்றாக இருக்கும், டிவி தெரியும், ஊசியில் நூல் கோக்கலாம். ஒரு கண்ணில் விட்டுப்போனதை மறு கண் ஈடுகட்டும், மிச்சத்தை மூளை நிரப்பிக்கொள்ளும். நடக்கும்போது கதவு நிலையில் இடித்துக்கொள்ளும் வரை பலருக்குத் தெரிவதில்லை. போன இழையை எந்த மருந்தாலும், எந்த ஆபரேஷனாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் சிகிச்சை. அழுத்தம் சாதாரணமாக இருந்தும் இந்த நோய் வருவது உண்டு என்பதால், நரம்பையும் பார்த்தால்தான் பரிசோதனை முழுமை.

அதற்குத்தான் கண் பாப்பாவை, அதாவது கண் நடுவில் இருக்கும் கறுப்புத் துளையை, விரிக்கும் சொட்டு மருந்து. போட்டால் சுர்ரென்று எரியும், அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார வேண்டும், சில மணி நேரத்துக்குப் பார்வை மங்கும், வண்டி ஓட்டக்கூடாது. பலர் இங்கேதான் எழுந்து போய்விடுகிறார்கள். தயவுசெய்து போகாதீர்கள். சாவித்துவாரம் வழியே எட்டிப் பார்ப்பதற்கும் கதவைத் திறந்து வீட்டைப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது.

காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு விவசாயி. நெல் தூற்றும்போது கண்ணில் உமி பட்டிருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி ஒரு வாரம் போட்டிருக்கிறார். கருவிழியில் வெள்ளையாகப் புண். பயிர், வைக்கோல், உமி பட்ட கண்ணில் பூஞ்சைக் கிருமி வரலாம். அதற்கு நாட்டமைசின் போன்ற தனி மருந்து வேண்டும். ஸ்டீராய்டு கலந்த சொட்டைப் போட்டால் பூஞ்சை இன்னும் பரவும். தாய்ப்பால், இலைச்சாறு ஊற்றுவதும் ஆபத்து. காயம் பட்டால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். புண் ஆறினாலும் தழும்பு நின்றுவிடும், அதைத்தான் ஊரில் 'பூ விழுந்துடுச்சு' என்கிறோம்.

சரி, அம்மா டாக்டர் முன்னால் உட்கார்ந்தார். வலது கண்ணில் புரை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் பழுப்பேறி மங்குவதுதான் புரை. மேலே படரும் சதை இல்லை, அதனால் சொட்டு மருந்தில் கரையாது. "முத்தட்டும், அப்புறம் எடுக்கலாம்" என்பது பழைய காலத்துப் பேச்சு. இன்று முற்ற விட்டால் லென்ஸ் கல்லாகி, ஆபரேஷன்தான் கடினமாகும். அன்றாட வேலைக்கு இடைஞ்சல் என்றால் எடுத்துவிடலாம்.

பேகோ முறையில் 3 மில்லிமீட்டருக்கும் குறைவான துளை போட்டு, ஒலி அதிர்வால் லென்ஸை உடைத்து உறிஞ்சி, மடித்த செயற்கை லென்ஸை உள்ளே விரிக்கிறார்கள். பெரும்பாலும் தையல் இல்லை. மிகவும் முற்றிய புரைக்குச் சற்றுப் பெரிய துளை போட்டுக் கையால் எடுக்கும் முறையும் உண்டு. அதை மட்டம் என்று நினைக்காதீர்கள், நம் ஊர் முகாம்களில் எத்தனையோ பேருக்குப் பார்வை தந்தது அது.

[திரையில்: விரல் நுனியில் ஒரு செயற்கை லென்ஸ்.]

இந்தச் சின்ன வில்லைக்கு ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணில் தெறித்த பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் துண்டுகளைக் கண் ஒதுக்கித் தள்ளவில்லை என்பதைக் கவனித்த கண் டாக்டர் ஹரால்டு ரிட்லி, 1949-ல் லண்டனில் முதல் செயற்கை லென்ஸைப் பொருத்தினார். ஆனால் வெகு காலம் அது ஏழைகளுக்கு எட்டாத விலை. மதுரையில் 1992-ல் ஆரோலேப் என்ற லென்ஸ் செய்யும் நிறுவனம் தொடங்கி, இங்கேயே மலிவாகச் செய்த பிறகுதான் நிலைமை மாறியது. அதற்கு முன் 1976-ல், முடக்குவாதத்தில் விரல்கள் கோணிய டாக்டர் வெங்கடசாமி, அரசுப் பணி ஓய்வுக்குப் பின் 11 படுக்கைகளோடு அரவிந்த் மருத்துவமனையை ஆரம்பித்திருந்தார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

ஆபரேஷன் முடிந்து சில மாதமோ வருடமோ கழித்து மறுபடி மங்கினால் "புரை திரும்ப வந்துடுச்சு" என்பார்கள். புரை திரும்ப வராது. லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சவ்வு மங்கியிருக்கும். யாக் லேசரில் சில நிமிட வேலை.

சர்க்கரைக்காக, கண்ணின் பின்சுவரில் இருக்கும் விழித்திரையையும் பார்த்தார்கள். அம்மாவுக்கு இந்த முறை சுத்தம். அங்கே இரத்தக்குழாய் கசிந்தால் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. கண்டுபிடித்தால் லேசர், கண்ணுக்குள் போடும் ஊசி என்று வழிகள் இருக்கின்றன. மரத்துப்போகச் செய்துதான் போடுவார்கள். சர்க்கரை உள்ளவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பார்வை நரம்பில் மட்டும் குழிவு, இழைகள் போனதற்கான அடையாளம். வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தும் பார்வைப் பரப்புப் பரிசோதனையில் மூக்கோரமாக ஒரு துண்டு காணவில்லை. கிளாக்கோமா உறுதியானது. வெறும் கண்ணாடி வாங்கி வந்திருந்தால் புரையைத்தான் நாளைக்குக் கண்டுபிடித்திருப்போம், இதை இல்லை.

இப்போது தினமும் இரவு ஒரு சொட்டு. போட்டதும் மூக்கோர மூலையை இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்கிறார், மருந்து தொண்டைக்குப் போகாமல் கண்ணிலேயே நிற்க. பாட்டிலைத் திறந்த தேதியை மேலே எழுதி வைத்திருக்கிறோம், ஒரு மாதத்துக்குப் பின் புதுசு. முதல் மறுபரிசோதனையில் அழுத்தம் 17-க்கு இறங்கியிருந்தது. புரை ஆபரேஷன் அடுத்த மாதம்.

இந்த நோய் குடும்பத்தில் ஓடும். நானும் பார்த்துக்கொண்டேன், இப்போதைக்கு இல்லை. பெரியம்மாவும் மாமாவும் இன்னும் போகவில்லை. "எங்களுக்கு நல்லாத்தானே தெரியுது" என்கிறார்கள். வரும் சனிக்கிழமை இரண்டு பேருக்கும் சீட்டு போட்டு வைத்திருக்கிறேன்.