18 போதும், சாவியைக் கொடுங்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சுங்கை சிப்புட் மக்களே, வணக்கம்.

தலைப்பு கொடுத்தவர்களுக்குக் கற்பனை ஜாஸ்தி. மாயாபுரி என்று ஒரு நாடாம். அங்கே 16 வயதில் பிள்ளை கைக்கு மந்திரக்கோல் வந்துவிடும். ஆனால் 21 வரை காப்பாளர் கையெழுத்து இல்லாமல் அதை அசைக்கக் கூடாது. பெற்றோர் இல்லாத பிள்ளை என்றால் சொத்துப் பெட்டியின் சாவியும் காப்பாளர் இடுப்பில். அந்த 21ஐ 18 ஆக்கலாமா என்பதுதான் வழக்கு. ஆக்கலாம் என்கிறது எங்கள் அணி.

"விவரம் தெரியாத வயசு, கோலைக் கொடுத்தால் ஊரையே எரித்துவிடுவான்" என்றார் எதிரணித் தலைவர். ஐயா, நம் மலேசியாவில் 16 வயதில் மோட்டார் சைக்கிள் லைசன்ஸ், 17இல் கார் லைசன்ஸ். 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 18இல் மேஜர். ஓட்டுரிமைதான் 21 வரை காத்திருந்தது. அதையும் 2019இல் திருத்தி, 2021 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தாயிற்று. 2022 பொதுத்தேர்தலில் 18 வயதுப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். எந்த ஊர் எரிந்தது?

சரி, கோலை விடுங்கள். எனக்கு அந்தச் சாவிதான் உறுத்துகிறது. பெட்டியைத் திறப்பவர் காப்பாளரான சித்தப்பா. கணக்கு எழுதுபவர் சித்தப்பா. பையனுக்கு விவரம் வந்துவிட்டதா என்று சொல்ல வேண்டியவரும் அதே சித்தப்பா. எந்தச் சித்தப்பா "வந்துவிட்டது, எடுத்துக்கொள்" என்பார்? நல்ல சித்தப்பாக்கள் மன்னிக்கவும், முன்வரிசையில் நாலு பேர் முறைக்கிறார்கள்.

காப்பாளர் யார் என்பதிலேயே பெரியவர்கள் தடுமாறியிருக்கிறார்கள். நம் 1961ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தில், 1999இல் திருத்தம் வந்த பிறகுதான் தாய்க்கும் தகப்பனுக்குச் சமமான உரிமை கிடைத்தது.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது புரியும். நம் தாத்தாக்கள் ஐம்பது வயதிலும் மைனர்கள்தான். குடியிருந்த லயத்து வீடு தோட்டக் கம்பெனிக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போச்சு. சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வரவேண்டும். "எல்லாம் உங்கள் நன்மைக்குத்தான்" என்று தோட்டத்தை நடத்திய துரையும்தான் சொன்னார். 1960இல் இதே ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் காசு போட்டுத் தோட்டத்தையே வாங்கினார்கள். முதலில் நிர்வாகம் பழகிவிட்டு வாருங்கள் என்று உட்கார வைத்திருந்தால் வாங்கியிருப்பார்களா?

"பிள்ளை ஏமாந்துவிட்டால்?" என்று அடுத்துப் பேசும் தங்கச்சி கேட்பார். யோசனை சொல்ல 21 வரை ஒரு பெரியவரைப் பக்கத்தில் வையுங்கள், யார் வேண்டாம் என்றது? கையெழுத்து மட்டும் 18இலேயே பிள்ளையுடையது. அன்றைக்கே காப்பாளர் ஊர்ச்சபை முன்னால் பெட்டியைத் திறந்து, வந்தது போனது அத்தனைக்கும் கணக்குக் காட்டட்டும். எதிரணி இதற்காவது ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. மணி அடித்துவிட்டது, உட்காருகிறேன்.